சேராத வரிகளை முதலில் பார்ப்போம்

“டீச்சர், எல்லாருக்கும் பணம் ஏறிடுச்சு. எனக்கு மட்டும் ஏறல. எங்கம்மா ரெண்டு தடவை பேங்குக்குப் போய் புக்குல பதிஞ்சு பார்த்துட்டாங்க.”

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் என்னிடம் வந்து இப்படிக் கேட்டாள். உதவித்தொகைக்கான பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். “வரும்மா, கொஞ்சம் தாமதமாகும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாலையில் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அவள் பெயரே அதில் இல்லை. இன்னொரு மாணவியின் பெயரும் இல்லை. வகுப்பில் 41 பேர். நான் அனுப்பிய பட்டியலில் 39 பேர்.

யாரையும் நான் நீக்கவில்லை. இரண்டு கோப்புகளைச் சேர்த்தேன், அவ்வளவுதான். ஒன்று, மாணவர் எண், பெயர், பிரிவு உள்ள வகுப்புப் பட்டியல். மற்றொன்று, மாணவர் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கோப்பு. இரண்டிலும் 41 வரிகள் இருந்தன. சேர்த்து வந்த கோப்பை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. சேர்ந்த வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, சேராத வரிகள் தெரிவதில்லை. இது எனக்கு உறைக்க அந்த மாணவி வந்து கேட்க வேண்டியிருந்தது.

இருவர் பெயரும் பின்னர் துணைப் பட்டியலில் சென்றன. ஆனாலும் அந்தத் தாய் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கு நடந்தது என் கவனக்குறைவால்தான். அதன்பின் கோப்புகளைச் சேர்க்கும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். எமிஸ் பட்டியல், மதிப்பெண் பட்டியல், மிதிவண்டிப் பட்டியல், பேருந்து அட்டைப் பட்டியல் என்று நாம் எல்லோரும் ஆண்டு முழுவதும் இதைத்தான் செய்கிறோம். அதனால் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

சாவி எது?

இரண்டு கோப்புகளைச் சேர்க்க இரண்டிலும் பொதுவாக ஒரு நிரல் இருக்க வேண்டும். கணினித் துறையில் அதைச் சாவி என்பார்கள். நம்மில் பலர் பெயரையே சாவியாக எடுத்துக்கொள்கிறோம். பெயர் நல்ல சாவி அன்று.

ஒரே வகுப்பில் இரண்டு திவ்யா இருப்பார்கள். ஒரு கோப்பில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், மற்றதில் பின்னால் இருக்கும். ‘லட்சுமி’ இன்னொரு கோப்பில் ‘லக்ஷ்மி’ ஆவாள். இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். தெரியாதவையும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய வானவில் எழுத்துருவில் தட்டிய கோப்பும் யூனிகோடில் தட்டிய கோப்பும் பெயரால் சேரவே சேரா.

பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ நடத்துகிறோம் அல்லவா? ஒரு சார்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு இருக்க வேண்டும். பெயரிலிருந்து வங்கிக் கணக்குக்குச் செல்லும் உறவு, இரண்டு திவ்யாக்கள் இருக்கும் வகுப்பில் சார்பே அன்று. மாணவர் எண்ணிலிருந்து செல்லும் உறவு சார்பாகும். அதனால் எமிஸ் எண்ணையோ சேர்க்கை எண்ணையோ மட்டுமே சாவியாகக் கொள்ளுங்கள்.

எண்ணிலும் ஓர் எச்சரிக்கை தேவை. எக்ஸெலில் சாதாரணக் கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் மறைந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண் என்றால், பதினைந்துக்குப் பின் வரும் இலக்கங்கள் பூஜ்ஜியமாக மாறிவிடும். வங்கிக் கணக்கு எண்களுக்கு இது பெரிய ஆபத்து. தட்டுவதற்கு முன்பே அந்த நிரலின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும்.

இரு விரல் விளையாட்டு

கணினியைத் தொடும் முன் வகுப்பறையில் ஒரு செயல்பாடு. இருபது சீட்டுகளில் மாணவர் எண்ணையும் பெயரையும் எழுதுங்கள். வேறு நிறத்தில் இருபது சீட்டுகளில் மாணவர் எண்ணையும் பிடித்த விளையாட்டையும் எழுதுங்கள். இரண்டாவது கட்டில் மூன்று எண்களை வேண்டுமென்றே மாற்றிவிடுங்கள். இரண்டு கட்டுகளையும் எண் வரிசைப்படி மேசையில் இரண்டு நெடு வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு மாணவர் இடது கை விரலை முதல் வரிசையின் முதல் சீட்டிலும், வலது கை விரலை இரண்டாம் வரிசையின் முதல் சீட்டிலும் வைக்கட்டும். இரண்டு எண்களும் ஒன்றானால் அவற்றை ஜோடியாக்கி இரண்டு விரல்களையும் நகர்த்தலாம். ஒன்றாகாவிட்டால் சிறிய எண்ணில் இருக்கும் விரலை மட்டும் நகர்த்த வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஜோடி கிடையாது. இப்படியே இறுதிவரை செல்லலாம். எந்த விரலும் பின்னால் திரும்ப வேண்டியதில்லை.

பிறகு சீட்டுகளைக் கலைத்துவிட்டு அதே விளையாட்டை ஆடச் சொல்லுங்கள். சில ஜோடிகள் தவறிப்போகும். ஏன் தவறின என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். லினக்ஸ் கணினியில் ‘ஜாயின்’ என்ற கட்டளை செய்வதும் இந்த இரு விரல் வேலைதான். அதனால்தான் அதற்குமுன் ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. நமக்கு 9க்குப் பின் 10. ‘ஜாயின்’ எண்களை எழுத்துகளாகவே பார்க்கும். அதன் வரிசையில் 10 முதலிலும் 9 பின்னாலும் வரும், அகராதியில் முதலெழுத்தைப் பார்ப்பது போல. அதனால் எண் மதிப்புப்படி வரிசைப்படுத்திய கோப்பை அதனிடம் கொடுக்கக் கூடாது.

செய்து பார்ப்போம்

நம் பள்ளிகளுக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதில் ‘டெர்மினல்’ என்ற முனையத்தைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவிக்கொள்ளலாம். இணைய இணைப்பு இல்லாமலே வேலை நடக்கும்.

எக்ஸெல் கோப்புகளைச் சிஎஸ்வி வடிவில் சேமித்தால், நிரல்களுக்கு இடையே காற்புள்ளி இட்ட வெறும் உரைக் கோப்பாகிவிடும். லினக்ஸில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கற்பனையான இரண்டு சிறு கோப்புகளை எடுத்துக்கொள்வோம்.

‘பெயர்கள்’ என்ற கோப்பு:

எண்,பெயர்,பிரிவு
1003,திவ்யா ச,அ
1001,கார்த்திக் ர,அ
1004,திவ்யா மு,ஆ
1002,லட்சுமி வே,அ

‘கணக்குகள்’ என்ற கோப்பு:

எண்,கணக்கு
1004,00452
1001,00317
1020,00460
1003,00398

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். கோப்புப் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம். தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘டி’ ஆகிவிடுகின்றன. கீழே சிறுகோட்டுக்குப் பின் வரும் டி எல்லாம் ‘டைகர்’ என்பதன் முதலெழுத்து.

முதலில் தலைப்பு வரியை நீக்கி வரிசைப்படுத்துவோம்:

டெயில் -என் +2 பெயர்கள் | சார்ட் -டி, -கே 1,1 > பட்டியல்1
டெயில் -என் +2 கணக்குகள் | சார்ட் -டி, -கே 1,1 > பட்டியல்2

‘டெயில்’ இரண்டாவது வரியிலிருந்து கடைசிவரை எடுத்துத் தருகிறது. நடுவில் உள்ள நெடுங்கோடு ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் குழாய் போலக் கொண்டுசெல்கிறது. ‘-டி,’ என்பது நிரல்களைப் பிரிப்பது காற்புள்ளி என்று சொல்கிறது. ‘-கே 1,1’ என்பது முதல் நிரலை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்கிறது. இப்போது சேர்க்கலாம்:

ஜாயின் -டி, பட்டியல்1 பட்டியல்2 > சேர்ந்தவை

‘சேர்ந்தவை’ கோப்பில் மூன்று வரிகள் இருக்கும்:

1001,கார்த்திக் ர,அ,00317
1003,திவ்யா ச,அ,00398
1004,திவ்யா மு,ஆ,00452

பார்க்க அழகாக இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லட்சுமியும் இல்லை. நான் அன்று நின்றது இந்த இடத்தில்தான். நிற்காமல் இன்னும் இரண்டு கட்டளைகளைத் தட்டியிருக்க வேண்டும்:

ஜாயின் -டி, -வி 1 பட்டியல்1 பட்டியல்2
ஜாயின் -டி, -வி 2 பட்டியல்1 பட்டியல்2

முதலாவது, முதல் கோப்பில் ஜோடி கிடைக்காத வரிகளை மட்டும் காட்டும். விடை ‘1002,லட்சுமி வே,அ’. இரண்டாவது, இரண்டாம் கோப்பில் ஜோடி கிடைக்காதவற்றைக் காட்டும். விடை ‘1020,00460’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1002 என்பதை யாரோ 1020 என்று தட்டியிருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் ஊகத்தின் பேரில் திருத்தக் கூடாது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

எல்லா மாணவர்களும் ஒரே பட்டியலில் வேண்டும், கணக்கு எண் கிடைக்காதவருக்கு ‘இல்லை’ என்று வர வேண்டும் என்றால்:

ஜாயின் -டி, -ஏ 1 -இ இல்லை -ஓ ஆட்டோ பட்டியல்1 பட்டியல்2

இதில் லட்சுமியின் வரியும் நிற்கும், அவள் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று தெரியும். பெயரே காணாமல் போவதைவிட ‘இல்லை’ என்று கண்ணில் குத்துவது எவ்வளவோ மேல். அலுவலகத்துக்கு அனுப்பும் பட்டியலை நான் இப்போது இந்தக் கட்டளையால்தான் எடுக்கிறேன்.

கணமொழியில் ஒரு சரிபார்ப்பு

‘டபிள்யூசி -எல்’ என்ற கட்டளை ஒரு கோப்பில் எத்தனை வரிகள் என்று சொல்லும். ஒன்பதாம் வகுப்பின் ‘கணமொழி’ பாடம் இங்கே கைகொடுக்கிறது. முதல் கோப்பில் உள்ள எண்களின் கணம் அ, இரண்டாவதில் உள்ளவற்றின் கணம் ஆ என்று கொண்டால், ‘சேர்ந்தவை’ என்பது வெட்டுக் கணம். ‘-வி 1’ தருவது அ வித்தியாசம் ஆ. அ கணத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை இவ்விரண்டின் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 4 = 3 + 1. என் வகுப்பில் 41 = 39 + 2.

சமமாக வராமல் கூடுதல் அதிகமாகிவிட்டால், ஏதோ ஓர் எண் இரண்டு முறை வந்திருக்கிறது என்று பொருள். ஓர் எண் இரண்டு கோப்புகளிலும் இருமுறை இருந்தால் விடையில் அது நான்கு வரிகளாக வரும். ஒருவருக்கே நான்கு முறை பணம் கேட்டதாக ஆகும். கணங்களில் ஓர் உறுப்பை ஒருமுறைதான் எழுத வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விதியின் அவசியத்தை மாணவர்கள் இங்கே நேரில் காண்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

என் இரண்டு மாணவிகளில் ஒருத்தியின் எண்ணை நானே இலக்கம் மாற்றித் தட்டியிருந்தேன். பணம் வரவில்லை என்று கேட்டவளின் எண்ணிலோ எந்தப் பிழையும் தெரியவில்லை. இரண்டு கோப்புகளிலும் ஒரே எண்தான். பல நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. எக்ஸெலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி சேர்ந்துவிடும். அதற்குப் பாம் என்று பெயர். கணக்குக் கோப்பில் நான் தலைப்பு வரி வைக்கவில்லை. அதனால் அந்தக் குறி முதல் மாணவியின் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. பட்டியலில் முதலில் இருந்த ஒரே காரணத்துக்காக அவள் விடுபட்டாள்.

தீர்வு எளிது. எக்ஸெலில் தலைப்பு வரியை எப்போதும் வையுங்கள். ‘டெயில்’ கட்டளையால் அதை நீக்கும்போது அந்தக் குறியும் அதனுடனே போய்விடும். ஐயம் இருந்தால் ‘கேட் -ஏ’ என்ற கட்டளையால் கோப்பைப் பாருங்கள். இந்த ஏ மட்டும் பெரிய எழுத்து. மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். தமிழ் எழுத்துகளும் அப்போது விசித்திரக் குறிகளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். எண்கள் உள்ள இடத்தை மட்டும் கவனியுங்கள்.

விண்டோஸில் சேமித்த கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் இன்னொரு மறைந்த குறி இருக்கும். ‘கேட் -ஏ’ அதை வரியின் கடைசியில் கூரைக் குறியும் பெரிய எம் எழுத்துமாகக் காட்டும். அப்படி இருந்தால் சேர்ந்த வரியின் பின்பகுதி முன்பகுதியின் மேல் ஏறிக்கொண்டு திரையில் குழப்பமாகத் தெரியும். கோப்பை லினக்ஸில் உள்ள உரைத் திருத்தியில் திறந்து, வரி முடிவை யூனிக்ஸ் வகைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

ஒட்டுவது சேர்ப்பதாகாது

நாம் அதிகம் செய்யும் தவறு வேறொன்று. ஒரு கோப்பிலிருந்து மதிப்பெண் நிரலை அப்படியே நகலெடுத்து, இன்னொரு கோப்பின் பெயர் நிரலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். லினக்ஸிலும் ‘பேஸ்ட்’ என்ற கட்டளை இதையே செய்யும். இதில் சாவியே கிடையாது. முதல் வரியோடு முதல் வரி, இரண்டாவதோடு இரண்டாவது. ஒரு கோப்பில் ஒரே ஒரு மாணவர் விடுபட்டிருந்தால் போதும், அவருக்குக் கீழே உள்ள அனைவருக்கும் அடுத்தவர் மதிப்பெண் போய்விடும். ‘ஜாயின்’ செய்யும் தவறில் ஒருவர் விடுபடுகிறார். ஒட்டும் தவறில் யாரும் விடுபடுவதில்லை, அதனால் கண்டுபிடிப்பதும் கடினம்.

எக்ஸெலிலேயே ‘வீலுக்அப்’ பயன்படுத்துவோரும் உண்டு. நல்ல கருவிதான். அதன் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சரியான எண் கிடைக்காதபோது அருகில் உள்ள எண்ணின் விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

எந்தக் கருவியானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். மாணவர்களின் வங்கி விவரங்களையும் ஆதார் எண்களையும் ‘இலவசமாகக் கோப்புகளைச் சேர்த்துத் தருகிறோம்’ என்னும் இணையதளங்களில் ஏற்றவே கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு கோருகிறது. கட்டளை முறையில் தரவு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. வேலை முடிந்ததும் இடைக்காலக் கோப்புகளை அழித்துவிடலாம்.

நம் ஊர்ச் சுவரில்

உத்திரமேரூரில் இருப்பதால் ஆண்டுதோறும் மாணவர்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் செல்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் அடையாள ஓலை சேர்த்துக் குடத்தில் இட்டார்கள். நிலமும் கல்வியும் உடைய பிராமணச் சபையினருக்குள் நடந்த தேர்தல்தான் அது. ஆனாலும் பட்டியலை ஒழுங்குசெய்த முறையை மாணவர்களுக்குக் காட்டலாம்.

வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. அதாவது ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவரை நீக்குவது. கணமொழியில் வித்தியாசம், லினக்ஸில் ‘-வி 1’. “அங்க ஒருத்தர் பேரு இல்லைன்னா, ஏன் இல்லைன்னு சுவத்துலயே எழுதியிருக்கு டீச்சர்” என்றான் ஒரு மாணவன். என் பட்டியலில் இருவர் விடுபட்டதற்குக் காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இப்போது எந்தப் பட்டியலை அனுப்புவதானாலும் ஒரு துண்டுத்தாளில் நான்கு எண்களை எழுதி அதனுடன் வைக்கிறேன்: முதல் கோப்பின் வரிகள், இரண்டாம் கோப்பின் வரிகள், சேர்ந்தவை, சேராதவை. சேராதவை பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளை அழைத்து வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதன் பிறகே தலைமையாசிரியரிடம் கையொப்பத்துக்குப் போகிறேன். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிடாவிட்டால், ஒரு தாய் தன் ஒரு நாள் கூலியைச் செலவிட வேண்டியிருக்கும்.